கடைசி இடத்தில் சாருஜா

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு றோயை வீட்டில் யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். கிழமை நாட்களில் மருந்து விநியோக வான் வண்டியை ஓட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுற்றுகிறவன், அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் ஒரு நெருப்பரக்கனோடு சண்டை பிடிப்பான்.

விளையாட்டு அப்படி. எட்டுப் பேர் தங்கள் தங்கள் வீடுகளில் இருந்தபடியே ஒரு கோட்டைக்குள் புகுந்து, அங்கே இருக்கும் அரக்கனைச் சாய்க்க வேண்டும். தலைவன் தனுஷன் முன்னால் நின்று அடியை வாங்குவான். நிமலினி காயங்களை ஆற்றுவாள். மற்ற ஆறு பேரும் அடிப்பவர்கள். அந்த ஆறு பேரில் றோய்தான் முதல். அதைச் சொன்னது மீற்றர்.

மீற்றர் என்பது திரையின் மூலையில் தெரியும் சின்னப் பெட்டி. அடிப்பவர்களில் யார் எவ்வளவு அடித்தார் என்று மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திக் காட்டும். அது விளையாட்டோடு வந்ததல்ல. யாரோ செய்து இணையத்தில் விட்டதை றோய் தேடிப் பிடித்து, எல்லோரையும் போடச் சொல்லியிருந்தான். ஆறு கிழமையாக, சனிக்குச் சனி, அவன் பெயர் உச்சியில் நின்றது. ஆறு கிழமையாக அடியில் நின்றது சாருஜாவின் பெயர்.

சாருஜா கொடிகாமத்திலிருந்து விளையாடுபவள். அதிகம் கதைக்க மாட்டாள். அவள் வீட்டில் சிக்னல் மோசம். பொத்தானை அழுத்தினால் அரைச் செக்கன் கழித்துத்தான் வாள் வீசும். மீற்றரில் றோயின் இலக்கத்தில் அவளுக்குப் பாதிகூட வராது. அரக்கனோ நாற்பத்தொரு தரம் அவர்களைத் தோற்கடித்துவிட்டான்.

நாற்பத்தோராவது தோல்விக்குப் பிறகு றோய் தனுஷனுக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், சாருஜாவை மாத்துவம். வேறை ஆளைப் போட்டால் அடுத்த கிழமையே விழுத்தலாம். மீற்றரைப் பார், நான் சும்மா சொல்லேல்லை."

தனுஷன் மறுக்கவில்லை. "எனக்குச் சொல்ல வாய் வராது. நீ வியாழக்கிழமை கொடிகாமம் போறனிதானே? நேரிலை நீயே சொல்லு."

வியாழக்கிழமை பாமசிகளுக்கு மருந்தைக் கொடுத்து முடித்ததும் றோய் சந்தைக்குப் பின்னால் இருந்த விதைக் கடையைத் தேடிப் போனான். சாருஜாவின் தகப்பன் இளையதம்பியின் கடை அது. தகப்பன் தோட்டத்துக்குப் போயிருந்தார். மிளகாய் விதைப் பைகளுக்கும் பூச்சிமருந்து அடிக்கும் தாங்கிகளுக்கும் நடுவில் கண்ணாடி போட்ட ஒருத்தி இருந்தாள்.

"சாருஜா எண்டிறது..."

"றோய் அண்ணையோ? குரலிலை பிடிச்சிட்டன். இருங்கோ."

சொல்ல வேண்டிய வசனத்தை றோய் வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தான். மேசையில் கிடந்த விதைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் அவளே தொடங்கினாள்.

"என்னை விலகச் சொல்ல வந்தனீங்கள், என்ன?"

"ஓம்," என்றான் றோய். "உம்மிலை கோபம் எண்டு நினையாதையும். இலக்கம் அப்பிடி இருக்குது."

"விளங்குது. ஆறு கிழமையாக் கடைசி. நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன்." அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் குரல் மாறவில்லை. மேசை லாச்சியைத் திறந்து குறிப்பெழுதும் கொப்பி ஒன்றை எடுத்தாள். "அப்ப இதைக் கொண்டுபோய்த் தனுஷன் அண்ணையிட்டைக் குடுங்கோ. எனக்குப் பதிலா வாறவைக்கு உதவும்."

றோய் கொப்பியைத் திறந்தான். நாற்பத்தொரு சண்டைகளையும் அவள் பதிவு செய்து வைத்து, ஓடவிட்டுப் பார்த்து, ஒவ்வொன்றிலும் யார் முதலில் செத்தார், எத்தனையாவது செக்கனில், ஏன் என்று எழுதியிருந்தாள். கோடு போட்டு, நீல மையில், அச்சடித்ததுபோல எழுத்து.

பதினேழு சண்டைகளில் முதலில் செத்தவன் றோய்.

'அரக்கன் நெருப்பைக் கக்க வாயைத் திறந்த பிறகும் விலகாமல் நின்று அடித்தார். இரண்டரைச் செக்கன் பிந்திவிட்டது' என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னோரிடத்தில் நிமலினியின் பெயருக்கு எதிரே, 'இவரில் பிழை இல்லை. றோயைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததால் மற்றவர்களைக் கவனிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தாள். தன் பெயர் வந்த நான்கு இடங்களில் ஒன்றில் இப்படி இருந்தது: 'சாருஜா. சிக்னல் காரணம் இல்லை. நான் பார்க்கவில்லை.'

றோய்க்குக் காது சுட்டது. அவள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. வாயைத் திறக்கும்போது விலகினால் மூன்று அடி குறையும். மூன்று அடி குறைந்தால் மீற்றரில் இரண்டாமிடத்துக்கு இறங்கவேண்டி வரும். அந்தக் கணக்கு அவனுக்கு மட்டுமே தெரியும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

பல பக்கங்களில் 'மந்திரம் வெட்டப்பட்டது' என்று மட்டும் இருந்தது. "உந்த மந்திரத்தை வெட்டுறது ஆர்?" என்று கேட்டான். அரக்கன் இடையிடையே ஒரு மந்திரத்தைத் தொடங்குவான். முடித்தானென்றால் எட்டுப் பேரும் சாம்பல். பெரும்பாலும் அது பாதியில் நின்றுவிடும். அரக்கனின் குணமே அப்படி என்று றோய் நினைத்திருந்தான்.

"நான்தான்."

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஆறு தரம் விட்டிட்டன். என்ரை லைன் பிந்தித்தானே வரும்? அதாலை அவன் தொடங்க முதலே செக்கனை எண்ணி அழுத்திறனான். அந்த நேரம் அடிக்க ஏலாது. அதுதான் இலக்கம் குறையிறது."

றோய் கொப்பியை மூடினான். "நீர் இதை ஏன் முதலே காட்டேல்லை? காட்டியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டன்."

"காட்டியிருந்தால் நீங்கள் ரோசத்திலை விட்டிட்டுப் போயிருப்பியள். உங்களை விட்டால் உந்த அடி அடிக்க எங்களிட்டை ஆளில்லை."

கடைக்கு ஒருவர் பயிற்றங்கொட்டை கேட்டு வந்தார். அவள் எழுந்து நிறுத்துக் கொடுக்கும்வரை றோய் அப்படியே நின்றான். இருபத்தொன்பது வயதில், தன்னைப் பற்றி இவ்வளவு சரியாக, இவ்வளவு பகையில்லாமல் எழுதிய ஒருவரை அவன் இதற்கு முன் கண்டதில்லை.

"நீர் ஒரு இடமும் போக வேண்டாம்," என்றான். "கொப்பியை நான் தனுஷனிட்டைக் குடுக்கிறன். எல்லாரும் பார்க்கட்டும். என்ரை பக்கத்தையும் சேர்த்து."

அடுத்த சனிக்கிழமை றோய் தன் திரையில் மீற்றரை மறைத்துவிட்டு உட்கார்ந்தான். முதல் தரம் பழக்கத்தில் நின்று அடித்துச் செத்தான். இரண்டாம் தரம் நேரத்துக்கு விலகினான்; வேறொருவன் விழுந்தான். மூன்றாம் தரம் அரக்கன் வாயைத் திறந்தபோதெல்லாம் விலகினான். பெட்டியைப் பாராத கண்ணுக்கு மற்றதெல்லாம் தெரிந்தது. நிமலினி பதறாமல் ஒவ்வொருவராக ஆற்றிக்கொண்டு வந்தாள். அரக்கன் மந்திரத்துக்குக் கையைத் தூக்கியபோதெல்லாம் சாருஜாவின் சிறு உருவம் முன்கூட்டியே திரும்பி நின்றது. மந்திரம் அறுந்தது. பதினோராம் நிமிடத்தில் அரக்கன் மண்டியிட்டு விழுந்தான்.

ஹெட்போனுக்குள் எட்டுப் பேரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். சத்தம் அடங்கியபோது சாருஜாவின் குரல் வந்தது. "என்ரை இலக்கம் போன கிழமையை விடக் கூடியிருக்குது."

றோய் மீற்றரைத் திறந்து பார்த்தான். அவன் நான்காமிடத்தில் நின்றான். அவள் இன்னும் கடைசிதான். ஆனாலும் அவள் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. தான் முதலாமிடத்தில் நின்ற நாட்களில் வராத சந்தோசம் ஒன்று அவனுக்கு வந்தது.

அந்த மாதக் கடைசியில் விளையாட்டைச் செய்தவர்களிடமிருந்து எல்லோருக்கும் ஒரு கேள்வி வந்தது. மீற்றரை விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிடலாமா? எட்டுப் பேரும் கூடிக் கதைத்தார்கள்.

"வேண்டாம்," என்றாள் நிமலினி. "நான் ஆத்திறதை அது கணக்கெடுக்கிறதே இல்லை. உதாலை சாருஜாவையே துரத்தப் பாத்தம்."

"துரத்தப் பாத்தது நான். மீற்றர் இல்லை," என்றான் றோய்.

அடுத்தது சாருஜாவின் முறை.

"வைக்கட்டும்," என்றாள் அவள். "அது இல்லாட்டி, தோத்தவுடனை பொம்பிளைப்பிள்ளையாலைதான் எண்டு சொல்லுவினம். முந்தி இருந்த கூட்டத்திலை அப்பிடித்தான் சொன்னவை. அதுக்கு நான் என்ன செய்யிறது? இலக்கம் குறைவெண்டால் திருத்தலாம். ஆனால் சண்டை முடிஞ்ச பிறகு காட்டச் சொல்லுங்கோ. அடிச்சதோடை ஆத்தினது, வெட்டினது, விலகினது எல்லாத்தையும் எண்ணச் சொல்லுங்கோ."

நிமலினி அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு பேர் அவள் பக்கம் நின்றார்கள். ஐந்துக்கு மூன்று என்று சாருஜா சொன்னதே முடிவானது. பதிலை எழுதும் வேலை றோயிடம் வந்தது. சாருஜா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதினான். நிமலினியின் மறுப்பையும் கீழே சேர்த்தான். அனுப்பும் முன் சாருஜாவுக்கும் நிமலினிக்கும் வாசித்துக் காட்டினான். நிமலினி ஓரிடத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள். அவன் மாற்றினான்.