வெறும் தண்ணியில் உப்பு

பைத்தியம் உப்பு அளக்கிற மீற்றருக்கா தனக்கா என்று பஹ்மியாவுக்கு விளங்கவில்லை. துறைமுகத்துத் தண்ணியில் உப்புக் காட்டினால் நியாயம். கிண்ணியாக் கிணற்றில் காட்டினாலும் பரவாயில்லை. காய்ச்சி வடித்த வெறும் தண்ணியில் காட்டினால் என்ன செய்ய, சொல்லுங்கோ பார்ப்பம்!

சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த வெறும் தண்ணிப் போத்தல்தான் சாட்சி. மற்றப் போத்தல்களோடு கடற்கரைக்குப் போய், மூடி திறக்காமல் திரும்பி வரவேண்டும். அது சுத்தமாக இருந்தால்தான் மற்ற மாதிரிகளை நம்பலாம். இல்லையென்றால் எல்லாம் குப்பை.

பிரியதர்சினி மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தா. "பஹ்மியா, நாளைக்குக் காரணத்தோட வாரும். இல்லாட்டித் துறைமுக ஆய்வுகூடப் பயிற்சிக்கு உம்மட பேரை அனுப்ப எனக்கு ஏலாது."

அந்தப் பயிற்சிக்காகத்தானே இவ்வளவு காலமும் பஸ்ஸில் நசுங்கி டவுனுக்குப் போய் வந்தவள்! மிச்சத் தண்ணியோடு போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை மண்டையைப் போட்டு உடைத்தாள். போத்தலைச் சரியாகக் கழுவவில்லையா? ஈரக் கையால் தொட்டாளா? கூடப் படிக்கிற ஸல்ஹா மாற்றி வைத்தாளா? சீ, பாவம், அவள் கிட்டவே வரவில்லை. ஒன்றும் பிடிபடாமல் அழுகைதான் வந்தது.

"உம்மா, ராத்திரி பிரிட்ஜில நான் வச்ச இந்தப் போத்தலை ஆராவது தொட்டதா?"

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினா. "ஓம் மகள். சோதினை சோதினையெண்டு சாப்பிடாமத் திரிஞ்சாய். அதான் பிஸ்மி சொல்லி மக்கத்து ஸம்ஸம் தண்ணி ஊத்தி வச்சேன். நல்லா வந்திச்சா?"

பஹ்மியா கதிரையில் பொத்தென்று இருந்தாள். "மீற்றரே ஆடிப்போச்சும்மா! ஸம்ஸத்திலயும் உப்பிருக்கு, இதுக்குள்ள ஒண்டுமே இருக்கப்படாது!"

"ஸம்ஸம் என்ன ஊத்தையா?" உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

பஹ்மியா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"இருந்தது முழுக்க."

பஹ்மியா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். மாமி மக்காவுக்கு உம்ரா போய்க் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கேன் காலியாகக் கிடந்தது. தன் மௌத்து நேரம், கடைசி மூச்சில், வாயில் விடுவதற்கென்று உம்மா பூட்டி வைத்த தண்ணி அது. காய்ச்சலில் புரண்டபோதும் ஒரு சொட்டு எடுக்காதவ.

மிஸ்ஸுக்குக் காட்ட இருக்கிற ஒரே ஆதாரம் இந்தப் போத்தல்தான். இருந்தும் பஹ்மியா பிஸ்மி சொல்லி, சிந்தாமல், போத்தலில் இருந்ததையெல்லாம் கேனுக்குள் திருப்பி ஊற்றினாள்.

"அப்ப உன்ட சோதினைக்கு?" என்று உம்மா பதறினா.

"வாயால சொல்லுறேன் உம்மா. மிஸ் நம்பினா நம்பட்டும்," என்று கேனை மூடி அலுமாரியைப் பூட்டினாள்.