கறியில் சர்க்கரை

என் மனைவி ஜெயகுமாரி இறந்தபோது மகள் ஆஷ்லின் ஜப்பானிலிருந்து வந்தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அடக்கம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லிட்டேங்கப்பா" என்று போனை வைப்பாள். சோற்றைப் பிசைந்து பாதியை மிச்சம் வைப்பாள்.

அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. காப்பித் தோட்டத்தில் கவாத்து வெட்டிவிட்டு நாகலூர் எஸ்டேட் லைன் வீட்டுக்கு ஏறி வரும்போது, உள்ளே விளக்கு எரிந்தால்தான் கால் நடக்கும். நாக்கு இங்கே படிந்துவிட்டால் ஆளும் படிந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அங்க என்ன கண்ணு புடிச்சுச் சாப்பிடுவ?"

"நிகுஜாகான்னு ஒண்ணுங்கப்பா. கறியும் உருளைக்கிழங்கும். டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா அதைத்தான் செஞ்சுக்குவேன்."

"நான் செஞ்சு தாரேன்."

அவள் சிரித்தாள். "உங்களுக்கு வெந்நி வெக்கத் தெரியுமுங்களா?"

அடுப்புப் பக்கம் போகாதவன்தான் நான். ஞாயிறு பூசை முடிந்து பன்றிக்கறி வாங்கி வந்தேன். அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். நெத்திலிக் கருவாட்டின் தலையும் குடலும் கிள்ளி, மணல் போக அலசி, கொதிக்கவைத்துத் தண்ணீரை மட்டும் வடிக்க வேண்டும். கறியும் வெங்காயமும் வதங்கியதும் கிழங்கு, கேரட், அந்தத் தண்ணீர், சர்க்கரை, ஒண்டிக்கடை பஜாரில் வாங்கிய சோயா சாஸ். மிளகாய் இல்லாமல் கறியா என்று, அவள் திரும்பிய நேரத்தில் ஒரு கரண்டி தூளைப் போட்டேன்.

"இது நம்மூட்டுக் கொழம்புங்கப்பா" என்று தட்டைத் தள்ளினாள்.

அடுத்த ஞாயிறு தூள் போடவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, சக்கரையெல்லாம் போடறீங்க. கறிங்களா, பாயாசமுங்களா?"

"ரெண்டுந்தான். டம்ளர்ல ஊத்தித் தரட்டுமா?"

சிறு தட்டு ஒன்றைக் கறிமேலேயே கவிழ்த்துவிட்டுக் கிளறாமல் விட வேண்டும். அதுதான் வரவில்லை. எஸ்டேட்டில் கை நின்றால் வேலையை மேற்பார்க்கும் ரைட்டர் கத்துவார். சும்மா நின்று பழக்கமில்லாத கை கிளறிக் கிளறிக் கிழங்கைக் கூழாக்கியது. ஆனாலும் விடவில்லை. சோறு வடிக்கவும் பழகினேன். அவள் எழுமுன் டீ போட்டு வைத்தேன்.

மழை விடாமல் பெய்த ஒரு நாள், கிழங்கு உடையாமல் வந்தது. ஆஷ்லின் ஒரு வாய் வைத்தாள். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"அதே ருசிங்கப்பா. நொம்ப நல்லாருக்குது."

இனிப் போகமாட்டாள் என்று என் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

"உங்களைத் தனியா உட்டுட்டுப் போனா பட்டினி கெடப்பீங்களேன்னுதான் இத்தனை நாளும் முழிச்சுட்டிருந்தேன்" என்றாள். "இப்பத் தைரியம் வந்துருச்சுங்க. அடுத்த மாசம் கெளம்பட்டுங்களா?"

என் வாயில் சோறு இருந்தது. அதை மென்று விழுங்கினேன்.

"போயிட்டு வா சாமி."

கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். அந்தப் பாஷையில் விறுவிறுவென்று பேசினாள். எதிரில் யாரும் இல்லாமலே, அந்த ஊர் வழக்கப்படி தலை குனிந்து குனிந்து நிமிர்ந்தாள். அம்மா சாவுக்குப் பிறகு அவள் குரல் அப்படி எழும்பி நான் கேட்டதில்லை.

சட்டியிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து வாயில் போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.