பெரிய அளவு

வாசல் கதவில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்ததால் சவப்பெட்டி உள்ளே வர மறுத்தது. தூக்கி வந்தவர்கள் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். பெரிய மாமா படியில் நின்றபடி, "இன்னொரு பக்கத்தையும் திறங்கப்பா. நான்தான் பெரிய சைஸா சொன்னேன். நம்ம ஆளுக்குச் சாதாரணது பத்துமா?" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சாவு வீட்டில் கேலி பேசுவதற்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டால் போதும் என்பது அவர் அறிந்த நாகரிகம்.

சின்னவள் எக்கி மேல் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டே, "நீங்க அக்காவைக் கடைசியா எப்ப பாத்தீங்க மாமா?" என்று கேட்டாள்.

"போன மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்தேனே. பாவம், எலும்பும் தோலுமா கிடந்தா."

"அப்புறம் எதுக்குப் பெரிய சைஸ்?"

மாமா யோசித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. "வாயில வந்துடுச்சும்மா" என்றார்.

உண்மைதான். எத்தனையோ வருடமாக அந்த வாயில் அக்காவைப் பற்றி வேறெதுவும் வந்ததில்லை. அக்கா விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிந்தவள். பிறகு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். "நம்ம குண்டு, குண்டு எறியுது" என்று மாமா ஒருநாள் சொல்லிவைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் அதையே சொன்னார், ஒவ்வொரு முறையும் அன்றுதான் கண்டுபிடித்தவர் போலச் சிரித்தார், மற்றவர்களும் அன்றுதான் கேட்டவர்கள் போலச் சிரித்தார்கள். அவள் எவ்வளவு தூரம் எறிந்தாள் என்று கேட்டால் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. விருந்துகளில் அவள் எதை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

கூடத்தில் கட்டிலின் தலைமாட்டில் சித்தி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். இப்போது ரசித்துக்கொண்டிருந்தாள்.

"பாரேன், முகம் எவ்வளவு லட்சணமா இருக்கு. தாடையெல்லாம் எடுப்பா தெரியுது. முன்னாடியே இப்படி இருந்திருந்தா எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரி ஆமோதித்துத் தலையாட்டினாள். சின்னவளுக்குக் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைச் சித்தியின் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. கவிழ்த்தால் தரையைத் துடைக்க வேண்டியதும் அவள்தான் என்பதால் விட்டுவிட்டாள்.

அக்காவுக்கு இரண்டு வருடமாகவே வயிறு சரியில்லை. உப்புசம், அடிவயிற்றில் வலி. மாதவிலக்கு நினைத்தபோது வந்தது, வந்தால் நிற்கவில்லை. தெருமுனை டாக்டரிடம் போனாள். அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை, கண்ணாலேயே எடை போட்டுவிட்டார். "முதல்ல இருபது கிலோ குறைங்கம்மா, அப்புறமும் வலி இருந்தா பாப்போம்." சின்னவளுக்குக் கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடும் வேலை. ஒரு பார்சல் கனத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. படித்துப் பட்டம் வாங்கிய மனிதருக்கு அவ்வளவுகூடத் தோன்றவில்லை.

அக்கா குறைத்தாள். முதலில் அரைவயிறு சாப்பிட்டாள், பிறகு சாப்பாடே இறங்கவில்லை. குண்டு எறிந்த தோள் ஒடுங்கியது, கன்னம் வற்றியது. வீடே கொண்டாடியது. சித்தி சமையலறை வரை வந்து, "என்ன பண்றே, எனக்கும் சொல்லேன்" என்று ரகசியம் கேட்டாள். டாக்டர், காத்திருந்த பெண்களுக்கு முன்னால் அக்காவை நிறுத்தி, "இவங்களைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். வயிறு மட்டும் குறையவில்லை. அது கடைசியில்தான் குறையும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர்தான் அவளைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த அந்த டாக்டர் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சினைப்பையில் கட்டி. எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்களிலும் பாதிப் பேர், "ஆனாலும் ஆளு நல்லா ஸ்லிம்மாயிட்டே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

"வண்டி வந்துடும், சீக்கிரம்" என்று மாமா அவசரப்படுத்தினார். நாலு பேர் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த மூச்சுக்கு வேலையே இருக்கவில்லை. அக்கா சட்டென்று மேலே வந்துவிட்டாள். கால்மாட்டில் பிடித்தவர் தடுமாறி, "அட, காத்தாட்டம் இருக்காங்க" என்றார்.

பெட்டிக்குள் வைத்ததும்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பக்கமும் இடம் கிடந்தது. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். அக்கா ஒருபக்கமாகச் சரிந்தாள், முகம் பலகையில் போய் முட்டியது. மாமாவின் மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது. அது அழுகை இல்லை.

சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள். உயிரோடு இருந்தவரை அந்த உடம்பைப் பார்த்துச் சிரித்தாயிற்று. போகிற வழியிலும் பெட்டிக்குள் உருண்டு உருண்டு இவர்களுக்கு வேடிக்கை காட்டக் கூடாது. அன்றைக்கு அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். அது ஒன்று போதும்.

"வேற பெட்டி கொண்டுவரச் சொல்லுங்க மாமா."

"இந்த நேரத்துல யாரு செஞ்சு குடுப்பா? பழைய பேப்பர் இருந்தா எடு, ரெண்டு பக்கமும் சுருட்டி வெச்சுடலாம். கண்ணாடிச் சாமானெல்லாம் அப்படித்தானே அனுப்பறாங்க? பார்சல் ஆபீஸ்ல இருக்கறவ, உனக்குத் தெரியாததா?"

"அக்காவைச் சுத்திப் பேப்பரைத் திணிக்க விட மாட்டேன்."

"அப்ப துணி ஏதாவது கொண்டா. கோவிச்சுக்கிட்டு நின்னா ஆகுமா?"

தலையணைகள் நோயில் நனைந்து நேற்றே குப்பைக்குப் போயிருந்தன. அவள் கொடியில் கிடந்த போர்வைகளை இழுத்தாள். சித்தி ஓடி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல போர்வையையா எடுக்கறே? ராத்திரி இத்தனை பேர் தங்கறாங்களே, எதைப் போத்திப்பாங்க?" சின்னவள் ஒன்றைப் பிடுங்கினாள். மெல்லிய துணி, மடித்து மடித்து வைத்தும் உள்ளங்கை உயரம் வரவில்லை.

அக்காவின் அறையில் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியைத் திறந்தால், சித்தி ஆசையாக வாங்கிக் கொடுத்த சின்ன அளவுச் சட்டைகள் மூன்று தொங்கின. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு தலையணை உறை நிரம்பாது.

"அவ பழைய துணியெல்லாம் எங்கம்மா?"

"குடுத்துட்டேன்டி" என்றாள் அம்மா. "அவ இளைக்க ஆரம்பிச்சாளே, அப்பவே. இனிமே எதுக்கு இந்தக் கூடாரமெல்லாம்னு நானே மூட்டை கட்டினேன்."

"அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"ட்ராக் பேன்ட்டை மட்டும் மூட்டையிலிருந்து உருவினா. நான்தான் திரும்பப் பிடுங்கி உள்ள வெச்சேன். சந்தோஷத்துல செஞ்சேன்டி. நிஜமாவே சந்தோஷத்துல."

அம்மாவின் மேல் இரக்கம் வரத்தான் செய்தது. ஆனால் முதலில் வந்தது வெறுப்பு. அது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சின்னவள் அலமாரியைச் சாத்திவிட்டு வெறுங்கையோடு கூடத்துக்குத் திரும்பினாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் குண்டும் வட்டும் சம்மட்டியும் எறியக் கற்றவர்கள். வெளியே வெயில் கொளுத்தியது. ஆனாலும் அத்தனை பேரும் மணிக்கட்டுவரை மூடிய தடித்த ஜெர்கின் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார்கள். மைதானத்தில் கையில்லாத பனியனோடு எறிபவர்கள், வெளியே வந்ததும் முதல் வேலையாக அதை மாட்டிக்கொள்வார்கள். புஜம் தெரிந்தால் தெருவில் காதில் என்னவெல்லாம் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கழற்றச் சொல்லி அக்கா தினமும் அவர்களோடு சண்டை போடுவாள். ஒருநாளும் ஜெயித்ததில்லை.

"எல்லாம் ஆம்பளைப் பசங்க மாதிரி இருக்குதுங்க. பெத்தவங்க எப்படித்தான் கரையேத்தப் போறாங்களோ" என்று சித்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். கூடம் சின்னது. எல்லோருக்கும் கேட்டது.

முன்னால் வந்தவளைக் கூட்டாளிகள் 'லாரி' என்று கூப்பிடுவார்கள். அவள் பெட்டியருகே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"டீச்சர் ஏன்க்கா ஒரு பக்கமா கிடக்கறாங்க?"

"பெட்டி பெரிசாயிடுச்சு."

"யாரு அளவு சொன்னது?"

மாமா செல்போனை எடுத்து எதையோ தேடத் தொடங்கினார்.

"துணி இருந்தா ரெண்டு பக்கமும் வெச்சு நிறுத்திடலாம்" என்றாள் சின்னவள். "கனமான துணியா வேணும். வீட்டுல அப்படி எதுவும் இல்லம்மா. அவ உருண்டுக்கிட்டே போகப்போறா."

லாரியின் கை கழுத்துக்குப் போய் ஜிப்பைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. அவள் சித்தியைப் பார்த்தாள், சுவரோரம் நின்ற ஆண்களைப் பார்த்தாள். பிறகு ஒரே இழுப்பாக இழுத்து ஜெர்கினைக் கழற்றினாள். உள்ளே பயிற்சிப் பனியன். பின்னால் ஒவ்வொரு ஜிப்பாக இறங்கும் சத்தம் கேட்டது.

அவளும் சின்னவளும் முட்டி போட்டு உட்கார்ந்து அக்காவை நடுவில் நகர்த்தினார்கள். ஜெர்கின்களை இறுக்கிச் சுருட்டி, தோளுக்குப் பக்கத்தில், இடுப்புக்குப் பக்கத்தில், தொடைக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொண்டே வந்தார்கள். மேலே போர்வையை விரித்து இழுத்துச் செருகினார்கள். முடித்துவிட்டு எழுந்து பார்த்தபோது அக்கா அகலமாக, பெட்டியை அடைத்துக்கொண்டு படுத்திருந்தாள். சின்னவள் பெட்டியைப் பிடித்து அசைத்தாள். அக்கா அசையவில்லை.

சித்தி உள்ளே போய் ஒரு துண்டோடு வந்து லாரியிடம் நீட்டினாள். "இந்தாம்மா, இதையாவது மேல போட்டுக்க. ஆம்பளைங்கெல்லாம் இருக்காங்க."

"வேண்டாம் ஆன்ட்டி. வேர்க்குது."

வண்டி மெதுவாகத் தெருவில் இறங்கியது. பெண்கள் பின்னால் நடந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரை இறக்கிவிட்டு, வெயிலில் பளபளத்த அந்தத் தடித்த புஜங்களையே பார்த்தார்கள். பெண்களில் ஒருத்தியும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை.