ஒட்டாத மருந்து

மூன்று வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. கூடுவாஞ்சேரியில் குப்புராஜின் தோப்பு மாவிலைகள், காய்கிற வெயிலைத் தாங்க மேலே தடிமனாக மெழுகு பூசிக்கொண்டிருந்தன. பூச்சிமருந்து அடித்தால் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்திருந்தால் ஒட்டியிருக்கும். இந்த மகாராஜன் யாரைக் கேட்டான்? மருந்துக்கு வீரியம் போதவில்லை என்று தானே முடிவுகட்டி, ரெட்டிப்பாகக் கலந்து காலையிலேயே அடித்து முடித்தான். இலையில் ஒன்றும் நிற்கவில்லை. அத்தனையும் மரத்தடிப் பாத்தியில் இறங்கியது.

மத்தியானம் சோறு போடும்போது மனைவி பச்சையம்மா சொன்னாள். "மாமரத்துப் பாத்தியில கீரை தளதளன்னு இருந்துச்சுங்க. பறிச்சு, தாம்பரம் போற பால்காரர்கிட்ட உங்க அக்காவுக்குக் குடுத்தனுப்பிட்டேன். புள்ளத்தாச்சி, கீரை கீரைன்னு கேட்டாங்களே!"

குப்புராஜ் நிமிர்ந்தான். "அடிப்பாவி, எப்போ பறிச்ச?"

"நீங்க மருந்தடிச்சிட்டு வந்தப்புறம்தான். மருந்து மேல இலைக்குத்தானே?"

சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். அக்கா தையல்நாயகிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டான பிள்ளை அது. ஏழு மாசம். பாழாய்ப்போன ரயில் ஊரப்பாக்கத்தில் நின்றது, வண்டலூரில் நின்றது. 'தாயே, அவ இன்னும் அடுப்பே பத்த வைக்கக் கூடாது' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனான்.

தாம்பரத்தில் அக்கா தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "வாடா! உம் பொண்டாட்டி குடுத்த கீரைதான். அமிர்தமா கீது, ரெண்டு வாய் துன்னு பாரு."

தட்டைத் தட்டிவிட்டான். "அதுல மருந்துக்கா!"

ஆஸ்பத்திரியில் வாந்தி எடுக்க வைத்தார்கள். "எவ்ளோ கலந்தே?" என்று டாக்டர் கேட்டார்.

குப்புராஜ் தரையைப் பார்த்தான். "ரெட்டிப்பா, சார்."

கட்டிலில் கிடந்த அக்காவின் காதிலும் அது விழுந்தது. நாளைக் காலைவரை எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். குப்புராஜ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அழாதடா. உதைக்கிறான் பாரு" என்று அக்கா அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றருகே இழுத்தாள்.

அவன் விரலிடுக்கில் இன்னும் மருந்து வாடை அடித்தது. வெடுக்கென்று கையை உருவிக்கொண்டான். "வேணாம்க்கா" என்றான்.