யானைக்கு ஒரு சட்டை

பஸ் ஓட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று டிப்போவில் கேட்காத ஆள் கிடையாது. யாருக்கும் நான் முகம் கொடுத்துப் பதில் சொன்னதில்லை. எனக்கு மூக்கு மேல் கோபம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் காரணம் இருந்தது.

என் மனைவி துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தைத்த இடமே தெரியாமல் தைப்பது. சின்ன அறை, வெட்டும் மேசை ஒன்று, இரண்டு மெஷின், சுவரில் ஒரு போன். கடை நடந்ததே அந்தப் போனில்தான். "இடுப்பு ஒரு விரல் விடலாமா, ரெண்டு விரல் விடலாமா" என்று பேசிப் பேசியே அளவை வாங்கிவிடுவாள். கழுத்தில் ஆபரேஷன் நடந்தபோது குரல் நரம்பு அடிபட்டுவிட்டது. ஆள் பிழைத்தாள், குரல் போனது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதன்பிறகு போன் அடித்தால் எடுப்பாள்; மூச்சுதான் வரும். அந்தப் பக்கம் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எனக்கோ ஓட்டும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும்.

மேசையில் விரித்த கறுப்புத் துணிமேல் தையல் சாக்பீஸால் எழுதித்தான் அவள் என்னிடம் பேசுவாள். எழுதுவாள், உள்ளங்கையால் அழிப்பாள். ஒரு நாள், "அடுத்த மாசக் கடைசியோட கடையைக் காலி பண்ணிடலாங்க" என்று எழுதினாள். அதை மட்டும் அழிக்கவில்லை. துணியின் ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டாள். மெஷின்களையும் பழைய போர்வை போட்டு மூடிவிட்டாள்.

அந்த வாரம்தான் நூலகக் கதவில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். இணையப் பக்கம் உருவாக்க அறிமுக வகுப்பு, நான்கு ஞாயிறு, எதுவும் தெரியாதவர்களும் வரலாம். எதுவும் தெரியாதவன் என்றால் என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் பேசாமல் எழுதிக் கேட்கிற மாதிரி ஒரு பக்கம் இருந்தால் கடை பிழைத்துக்கொள்ளுமே என்று தோன்றியது. பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாடியில் ஒரு நீள அறை, பன்னிரண்டு கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு எனக்கு மகளாகக்கூடிய வயதுதான் இருக்கும். எல்லோரும் டீச்சரம்மா என்றே கூப்பிட்டோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்பதை இருவருமே கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

எழுத்தைத் தடிமனாக்க, படம் வைக்க என்று பக்கத்தில் தட்டும் குறிகளைக் காட்டி, முதல் நாளே டீச்சரம்மா சொன்னார்: "எந்தக் குறியைத் திறந்தாலும் மூடணும். மூடாம விட்டா அது கீழ இருக்கிறதையெல்லாம் கெடுத்துடும்."

"பதினெட்டு வருஷமா பஸ் கதவைத் திறந்து மூடறவன் நான். எனக்கே பாடமா?" என்றேன்.

பத்து நிமிடத்தில் என் பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தாக நின்றது. தலைப்பைத் தடிமனாக்கத் திறந்ததை நான் மூடவில்லை. லாண்டரி அக்கா எட்டிப் பார்த்து, "அண்ணே, கதவு திறந்திருக்கு, ஜனமெல்லாம் கீழ விழுதுங்க" என்றார். அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தாலும், அதற்குப் பிறகு ஒரு குறியைக்கூட நான் மூடாமல் விட்டதில்லை.

மூன்றாவது ஞாயிறு படிவம் செய்தோம். பெயர், ஈமெயில், என்ன வேலை, அளவு, அனுப்பு என்று ஒரு பட்டன். எல்லோருக்கும் அந்த வகுப்பில்தான் முதல்முதலாக ஈமெயில் பெட்டி திறந்து கொடுத்தார்கள். டீச்சரம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. படிவம் போய்ச் சேரும் முகவரியாக நம் முகவரியைப் போடக்கூடாது, பக்கத்தில் இருப்பவருடையதைப் போட வேண்டும். அவருக்கு வந்து சேர்ந்தால் அவர் கை தூக்க வேண்டும். "நமக்கு நாமே மார்க் போட்டுக்கக் கூடாதுல்ல" என்பார்.

நான் அக்காவின் முகவரியைப் போட்டேன். அக்கா என் கீபோர்டை இழுத்து, என் படிவத்தில் அவரே நிரப்பினார். "யானைக்கு ஒரு சட்டை. முழுக்கை. அவசரம்." அடுத்த நொடி அது அவர் பெட்டியில் போய் விழுந்தது. கை தூக்கிக்கொண்டே எழுந்து நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

கடைசி ஞாயிறு பக்கம் உலகத்துக்குத் திறந்தது. என் மனைவி தைத்த கோட்டின் படம், கடை விலாசம், கீழே படிவம். மேலும் கீழுமாக மூன்று முறை உருட்டிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. அப்போது டீச்சரம்மா, "யாரும் போயிடாதீங்க, சரிபார்க்க ஒரு லிஸ்ட் இருக்கு" என்றார். எனக்குப் பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும்.

"அண்ணே, லிஸ்ட்டு" என்றார் அக்கா.

"லிஸ்ட்டுக்காக பஸ் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

பக்கத்தின் முகவரியைச் சின்னச் சின்னச் சீட்டாக அச்சடித்துத் தெருக் கடைகளிலும், டிப்போ பலகையிலும், கடைக் கதவிலும் ஒட்டினேன். தினமும் வேலை முடிந்ததும் என் ஈமெயில் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. முதல் வாரம் பொறுமையாக இருந்தேன். இரண்டாவது வாரம் கம்ப்யூட்டரையும், அதைக் கண்டுபிடித்தவனையும், டீச்சரம்மாவையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனைவி துணி ஓரத்தில் இருந்த அந்த வரியை ஒரு முறை பார்த்தாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. லீவு போட்டுவிட்டுக் கடையில் அலமாரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் லாண்டரி அக்கா, வேலைக் கோட்டோடு, கையில் ஒரு கவருடன் நின்றார்.

"அண்ணே, அந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழ வைங்க."

"என்னக்கா?"

"லிஸ்ட்ல முதல் வரி என்ன தெரியுமா? பக்கத்தில் இருப்பவர் முகவரியை எடுத்துவிட்டு உங்கள் முகவரியைப் போடவும். நீங்கதான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டீங்களே."

ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன். இணையப் பக்கத்தில் பழுதே இல்லை. ஆர்டரெல்லாம் இரண்டரை வாரமாக அக்காவின் பெட்டிக்குப் போயிருக்கிறது.

"என் போன்ல ஈமெயில் கிடையாது. நூலகத்துக்குப் போனாதான் பார்க்க முடியும். டியூட்டி மாறி மாறி வந்ததுல போகவே முடியல. முந்தாநாள்தான் திறந்தேன். எட்டுப் பேர் எழுதியிருக்காங்க. உங்க நம்பர் எங்கிட்ட இல்ல, கடை விலாசம் அந்த இணையப் பக்கத்துலயே இருந்துச்சு. ஆனா இன்னிக்குத்தான் டியூட்டி சீக்கிரம் முடிஞ்சுது. ஜனங்க எவ்வளவு நாள் காத்திருப்பாங்க? அதனால நானே பதில் போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கவரிலிருந்த தாள்களை மனைவி மேசையில் பரப்பினாள். ஒரு நர்சுக்கு ஐந்து பேன்ட். ஓர் அம்மாவுக்கு மூன்று பள்ளிச் சீருடை. ஒரு பழைய வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: "பல முறை போன் செய்தேன். யாரும் பேசவில்லை. கடையை மூடிவிட்டீர்களோ என்று நினைத்தேன். நல்லவேளை." ஒவ்வொன்றின் கீழும் அக்காவின் பதில் ஒரே மாதிரி இருந்தது. "தையற்காரம்மாவுக்கு இப்போது பேச வரவில்லை. எழுதிக் கேளுங்கள். கை நன்றாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்."

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். கடைசிவரை இருந்து லிஸ்ட்டைச் சரிபார்த்தவர் அவர். முரட்டுத்தனமாக இறங்கிப்போனவன் நான். எனக்காக இந்த மனுஷி உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தேடி, எட்டு முறை இதைத் தட்டியிருக்கிறார். "ரொம்ப நன்றிக்கா" என்றேன். குரல் உடைந்தது. எங்கள் வீட்டில் குரல் இருப்பவன் நான் ஒருவன்தான், எனக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

"விடுங்கண்ணே. அந்த டீச்சரம்மா நம்மள ஜோடி சேர்க்கலன்னா இதெல்லாம் வேற யாருக்கோ போயிருக்கும்" என்றார் அக்கா.

பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் அச்செடுத்திருந்ததால் அடியில் ஒன்பதாவதாக ஒரு தாள் இருந்தது. மனைவி அதை எடுத்து வாசித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. குரல் போன நான்கு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

சாக்பீஸைத் தேடி எடுத்தாள். துணி ஓரத்தில் இருந்த அந்த வரியை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். அதே இடத்தில் எழுதினாள்: "யானையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அளவு எடுக்கணும்."

அக்கா குனிந்து வாசித்தார். தன் கோட்டைக் கழற்றி, தொங்கிக்கொண்டிருந்த பாக்கெட்டைக் காட்டினார். "யானை வர நேரமாகும்மா. அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

மனைவி மெஷின் மேல் இருந்த போர்வையை எடுத்து என் கையில் கொடுத்தாள். மடித்து வைத்துவிட்டு, அலமாரியைத் திரும்ப மாட்டத் தொடங்கினேன்.