அம்பு போட்ட மூடி

கோயமுத்தூர் கணபதியில் இருந்த திருமலைசாமியின் பட்டறைக்கு அந்த லாரி ஓடி வரவில்லை. டிராக்டர் இழுத்து வந்தது. பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளைக் கொட்டகையில் பதினெட்டு வருஷமாக நின்றிருந்த வண்டி. டிரைவர் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுப் பழகியிருந்தன. வழியில் ஒரு முட்டைகூட உடையவில்லை என்று டிராக்டர்காரன் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பின்னாலேயே காரில் வந்து இறங்கினார் ராமாமணி. நூல் மில் நடத்துகிற நாயுடு வீட்டு அம்மாள், வயது அறுபது. கணவர் ராமுலு காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"மேஸ்திரி, இது மிலிட்டரி வண்டியா இல்லையான்னு மொதல்ல கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. ஓட வைக்கறதெல்லாம் அப்பறம்."

"ஏனுங்கம்மா, நல்லா ஓடுனாப் போதாதுங்களா?"

"பத்தாதுங்க," என்றார் ராமாமணி.

ஏன் பத்தாது என்பதை அவரே சொன்னார். நாற்பத்தொன்பதில் ராமுலுவின் அப்பா மூத்த மகனை மெட்ராஸுக்கு அனுப்பினார். உலகச் சண்டை முடிந்து ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை அங்கே ஏலம் விட்டார்கள். மூன்று வாரம் கழித்து ராமுலு இந்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். பதினேழு வயதுத் தம்பி வரதராஜுலு, அண்ணன் மூன்று வாரமும் கிண்டியில் குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டுக் கடைசி நாளில் ஏதோ ஒரு புரோக்கரிடம் ராணுவத்தையே பார்க்காத பழைய லாரியைப் பிடித்து வந்துவிட்டார் என்று கிளப்பிவிட்டார். சும்மா வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் சொல்லச் சொல்ல வேடிக்கை கெட்டிப்பட்டுவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ராமுலுவைக் கண்டதும் யாராவது "குதிரை நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட மாட்டார்.

செத்த பிறகும் விடவில்லை. பதினாறாம் நாள் பந்தியில் வரதராஜுலு அந்தக் கதையை இன்னொரு தரம் எடுத்துவிட, இலையின் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ராமாமணி கையில் கரண்டியோடு நின்றிருந்தார். அந்த ஆத்திரம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது சுதந்திரப் பொன்விழாவுக்குக் கோயமுத்தூரில் பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. ராணுவத்தில் ஓடிய வண்டிகளுக்கு முன்னால் தனி வரிசை. அதில் சேர வேண்டுமானால் சரவணம்பட்டியில் இருக்கிற ரிட்டயர்டு சுபேதார் பாலுசாமி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த மனுஷர். அவர் கையெழுத்து விழுந்த காகிதத்தைக் கொழுந்தனார் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். ராமாமணிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

திருமலைசாமி வேலையை ஆரம்பித்தார். செவர்லே மூன்று டன் லாரி என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதே மாதிரி வண்டியை வெளி ஆட்களுக்கும் விற்றிருந்தார்கள். ராணுவத்தில் ஓடியதற்கு அடையாளம் வேண்டும். டேஷ்போர்டில் இருந்த பித்தளைத் தகடு எப்போதோ காணாமல் போயிருந்தது. பாரம் தாங்க வேண்டுமென்று யாரோ சேசிஸ் முனையில் பட்டை வைத்து வெல்டிங் அடித்ததில் நம்பர் செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழைய பெயிண்டின் மேலேயே புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நீலத்தைச் சுரண்டினால் சிவப்பு, சிவப்பைச் சுரண்டினால் மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை. பச்சையாக இருந்தால் ராணுவமா? முனிசிபாலிட்டி குப்பை லாரிகூடப் பச்சைதான்.

ஒன்பதாம் நாள் கியர் பாக்ஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியபோது அடையாளம் அகப்பட்டது. மேல்மூடியில் ஐந்து இலக்க நம்பர், அதற்குப் பக்கத்தில் மேல் நோக்கிய ஒரு சின்ன அம்பு. இரண்டும் வார்ப்பிலேயே புடைத்திருந்தன. தேய்ந்து மழுங்கியிருந்தாலும் விரலுக்குத் தட்டுப்பட்டன. வெள்ளைக்காரன் காலத்து ராணுவச் சாமானுக்கு அந்த அம்புதான் முத்திரை என்பது திருமலைசாமிக்குத் தெரியும். உடனே மில்லுக்குப் போன் போட்டார்.

"அம்மா, உங்க ஊட்டுக்காரரு சொன்னது நெசந்தானுங்க. அம்பு கெடக்குது."

ராமாமணி வெள்ளிக்கிழமை வாரேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று திங்கட்கிழமை. மூடியில் நீளமாக ஒரு விரிசல் இருந்தது. பித்தளை வைத்து ஒட்டியிருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் திருமலைசாமி இரும்பு உருக்கி வார்க்கிற பவுண்டரிக்காரர். ஒட்டுப்போட்ட மூடியைத் தன் பட்டறையிலிருந்து வெளியே அனுப்ப அவருக்கு மனசு வராது. பழைய மூடியையே அச்சாக வைத்து மணலில் பதித்தார். இரும்பு ஆறினால் சுருங்குமே, அதற்கு ஈடாக விளிம்பெல்லாம் மெழுகுப் பட்டை ஒட்டினார். மழுங்கிய அம்பையும் நம்பரையும்கூட மெழுகால் எடுப்பாக்கினார். புதன்கிழமை உலை போட்டார். அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானுக்குப் புதுசு ஊற்றுகிறார்களோ, அந்தப் பழசை உடைத்து அதே உலையில் போட்டுவிடுவார்கள். அந்த வண்டி இரும்பு அந்த வண்டிக்கே சேர வேண்டும் என்பது கணக்கு. முப்பது வருஷமாகச் செய்து பழகிய கை, அன்றைக்கும் யோசிக்காமல் செய்தது. சம்மட்டியால் நாலு போடு. பழைய மூடி உலைக்குள் போய்விட்டது.

வார்ப்பு அருமையாக வந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

வெள்ளிக்கிழமை ராமாமணி வந்தார். பெயிண்ட் காய்ந்து, பொருத்தி முடித்திருந்த மூடியின் அம்பை விரலால் தடவினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் திருமலைசாமிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. அசல் அம்பு உலையில் கரைந்துபோயிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார். எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுபேதார் வந்தார். ராமாமணி சும்மா இருப்பாரா, கொழுந்தனாரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். வரதராஜுலு வெள்ளை வேட்டியும் விபூதியுமாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "குதிரை கனைக்குதா பாருங்க சுபேதார்," என்றார். பட்டறை ஆட்கள் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

பாலுசாமி அவசரப்படாத மனுஷர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து பச்சைப் பெயிண்டைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் கியர் பாக்ஸுக்கு வந்தார். டார்ச் அடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது போதுமுங்க, வேறெதுவும் வேண்டாம். வண்டி மிலிட்டரிதான்," என்று படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

ராமாமணி கொழுந்தனாரை ஒரு பார்வை பார்த்தார். திருமலைசாமி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

சுபேதார் அத்தோடு விட்டிருக்கலாம். "காஸ்டிங்னா இது காஸ்டிங்," என்று மூடியைத் தட்டினார். "அம்பது வருஷம் ஆயிப்போச்சு, எழுத்து பாருங்க, நேத்து ஊத்துன மாதிரி. நம்ம கோயமுத்தூர் பவுண்டரிக்காரன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஊத்த மாட்டான். ஊத்துனா ஓட்டையும் ஒடசலுமாத்தான் வரும்."

"அது நான் ஊத்துனதுங்க," என்றார் திருமலைசாமி.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே கேட்டது. பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"பழைய மூடி விரிசல் உட்டிருந்துச்சுங்க. அதையே அச்சாக்கி நான்தான் ஊத்துனேன்."

"அப்ப பழச எடுத்து வாங்க. அதப் பார்த்துப் போட்டர்றேன்."

"உலையில போட்டு உருக்கிப்போட்டேனுங்க."

சுபேதார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கோபமில்லை, வருத்தம்தான். "நான் நம்பறேனுங்க மேஸ்திரி. ஆனா நான் பார்க்காத சாமானுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

ராமாமணி அப்படியே டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு நான் தடவிப் பார்த்தனே, அதுவும் நீங்க ஊத்துனதுதானா?"

"ஆமாங்கம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். தப்புப் பண்ணிப்போட்டேன். இந்த வேலைக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

"உங்க கூலிய யாரு கேட்டா?" என்று வெடித்தார் அந்த அம்மாள். "ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் வாயை மூடிட்டு இருக்க முடியலயா உங்களுக்கு?"

முடியவில்லை. திருமலைசாமி தலை குனிந்து நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதிலும் பெரிய வெட்கம், சுபேதார் தன் வார்ப்பை மெச்சியது உள்ளே ஒரு மூலையில் இன்னும் இனித்துக்கொண்டிருந்ததுதான்.

வரதராஜுலு சிரிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து திருமலைசாமியின் முன்னால் நின்றார்.

"பழைய மூடியில அம்பு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. இல்லாதத நான் எதுக்குங்க வைக்கறேன்? மழுங்கிக் கெடந்துச்சு, அத எடுப்பாக்குனேன். அவ்வளவுதானுங்க."

வரதராஜுலு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். காகிதம் கைக்கு வருகிற நேரத்தில் தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்ட ஆள். இவன் பொய்க்காரனாக இருந்தால் இரண்டு நிமிஷம் முன்னால் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பான். வேறு கதை பண்ண வரதராஜுலுவுக்கு வழியில்லை. நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிவந்த கதை அந்த இடத்தில் அவருக்கே கைவிட்டுப் போயிற்று. முகம் சுருங்கி, ஒரேயடியாகக் கிழவனாகத் தெரிந்தார்.

அண்ணியின் பக்கம் திரும்பி, "வதினா" என்று ஆரம்பித்து, வீட்டில் பேசுகிற தெலுங்கில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பட்டறையில் யாருக்கும் புரியவில்லை.

ராமாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தமிழ்ல சொல்லுங்க தம்பி. இவங்களுக்கும் கேக்கோணும்."

வரதராஜுலு சுபேதாரைப் பார்த்தார், வேலையாட்களைப் பார்த்தார்.

"இது எங்கண்ணன் மெட்ராஸ் ஏலத்துல எடுத்துட்டு வந்த வண்டிதானுங்க. நான்தான் இத்தனை வருசமாப் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"சத்தமா," என்றார் ராமாமணி.

வரதராஜுலு சத்தமாகச் சொன்னார்.