பன்னிரண்டரை மணிக்குச் சிவசக்தி எங்கே இருந்தார்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. நான் எழுதிய ஒரு சினிமாவின் பிழைகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டியது.

படத்தின் பெயர் ‘கேத்தல் போன வழி’. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் வெள்ளித் தேநீர்க் கேத்தல் காணாமல் போகிறது. கொழும்பிலிருந்து ஒரு துப்பறிவாளர் வருகிறார். வழுக்கி விழுகிறார், அட்டை கடித்துக் குதிக்கிறார், கடைசியில் திருடரைப் பிடிக்கிறார். இயக்கம் என் கூட்டாளி ஷிராஸ். கதை, வசனம் ஹஸீப். அந்த ஹஸீப் நான்தான். பதுளைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். துணி வெட்டுவதில் இதுவரை பிழை விட்டதில்லை.

இந்தக் கதைக்கு நான் எழுதிய தொடக்கங்கள்:

“பனி மூடிய மலைச்சரிவில் அன்று காலை...” (வேண்டாம். படம் எடுத்தது மண்டை காயும் வெயிலில். பனி வேண்டுமென்று சாம்பிராணி போட்டோம். எல்லாரும் இருமினோம்.)

“சிவசக்தி ஓர் அப்பாவி. உலகம் அறியாத...” (இந்தப் பிரதியை அவரிடம் காட்டினேன். யாரு அப்பாவி என்று கேட்டார். வரியை அடித்துவிட்டேன்.)

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2

சிவசக்தி அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வயது நாற்பத்தொன்று. படத்தில் பின்னால் நின்று கொழுந்து எடுக்க நாற்பது பெண்கள் வந்தார்கள், அவர்களில் ஒருவர். ஷிராஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பங்களா யன்னல் வழியே எட்டிப் பார்க்கச் சொன்னான். உள்ளே பூனை பால் குடிப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னான். அவரும் பார்த்தார். அருமையாகப் பார்த்தார்.

அது திருடி கேத்தலை நோட்டம் விடும் காட்சி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. நன்றாக வந்த ஒரு காட்சியில் பக்கத்து நிரையிலிருந்த பெண் “ஏ சிவசக்தி” என்று கூப்பிடுவது பதிவாகிவிட்டது. திருப்பி எடுக்கச் சோம்பல். என் கதையில் பெயரே இல்லாதிருந்த திருடிக்கு அப்படித்தான் சிவசக்தி என்று பெயர் வந்தது.

[இந்த இடத்தில் வாசகர் என்னைத் திட்டலாம். காத்திருக்கிறேன்.]

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோட்டத்து மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினோம். ஒன்றரை மணி நேரம் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் துப்பறிவாளர் விரலை நீட்டி, “கேத்தலை எடுத்தவள் இந்தச் சிவசக்திதான்” என்றார். எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. நிஜச் சிவசக்தி அங்கேதான் இருந்தார்.

அவர் அழுதிருந்தால் எனக்கு எழுத இலேசாக இருந்திருக்கும். அவர் அழவில்லை. படத்தை முதலிலிருந்து இன்னொருமுறை போடச் சொன்னார். பிறகு ஒரு பேனை கேட்டார்.

3

இரண்டு நாள் கழித்து, பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து என் கடையில் ஏறினார். ஷிராஸும் இருந்தான். கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. அதில் இருபத்து மூன்று பிழைகள்.

துப்பறிவாளர் தோட்டத்து வாசலில் ரயிலிலிருந்து இறங்குகிறார். தண்டவாளம் பதுளையோடு முடிகிறது. மடுல்சீமைக்கு ரயில் வர வேண்டுமென்றால் தேயிலைச் செடிமேல் ஏறித்தான் வர வேண்டும். (இது எனக்கும் தெரியும். ரயில் இல்லாத மலைநாட்டுப் படத்தை எவன் பார்ப்பான் என்றான் ஷிராஸ்.) யன்னலுக்குப் போகும்போது திருடியின் நெற்றியில் பொட்டு இருக்கிறது, எட்டிப் பார்க்கும்போது இல்லை, திரும்பி வரும்போது கொஞ்சம் பெரிதாகி இருக்கிறது. முதுகிலுள்ள கொழுந்துச் சாக்கு நிறைகிறது, வெறுமையாகிறது, மறுபடி நிறைகிறது. மேட்டில் ஏறிய துப்பறிவாளர் அதே மேட்டில் இன்னொருமுறை ஏறுகிறார், இறங்கவே இல்லை.

ஷிராஸ் சிரித்துச் சமாளித்தான். இது பகிடிப் படம், பிழையையும் சனம் பகிடி என்றே எடுத்துக்கொள்ளும், பதுளையில் திரையிட இன்னும் பத்து நாள்தான், துப்பறிவாளராக நடித்தவரும் கொழும்புக்குப் போய்விட்டார், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று அடுக்கினான்.

சிவசக்தி என்னைப் பார்த்துத்தான் பேசினார், முஸ்லிம் கடைக்காரர்களை அண்ணன் முறையில் கூப்பிடும் ‘நானா’வோடு.

“பொட்டு எப்படியும் போகட்டும் நானா. நாளைக்கு நான் பஸ்ல ஏறி உக்காந்தா, பக்கத்துல இருக்கிறவங்க பைய எடுத்து மடியில வச்சுக்குவாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?”

கொப்பியை வாங்கிப் புரட்டினேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

4

இருபத்து மூன்றாவது பிழையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஏனென்றால் அது முழுக்க என்னுடையது.

கேத்தல் களவு போகும் நேரம் என்று நான் எழுதியது வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. யோசித்துத்தான் எழுதினேன். எங்கள் கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது. ஜும்ஆத் தொழுகைக்குக் கடையெல்லாம் சாத்திவிடுவோம். களவெடுக்க அதைவிடத் தோதான நேரம் உலகத்திலேயே இல்லை என்பது பரம்பரை பரம்பரையாக எங்களுக்குள்ள பயம். அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்தேன்.

தோட்டத்தில் அது மத்தியான நிறுவை நேரம். காலையிலிருந்து எடுத்த கொழுந்தை எல்லாரும் சுமந்துகொண்டு வந்து தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். மலை முழுக்கச் சிதறிக் கிடந்த நாற்பது பேர் ஒரே இடத்தில் கூடும் நேரம் அது.

“அந்த நேரத்துல ஒருத்தி காணாம போனா, கேத்தலத் தேட மாட்டாங்க, அவளத்தான் தேடுவாங்க” என்றார் சிவசக்தி.

ஷிராஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வரிசையிலிருந்து ஒருவர் நழுவ முடியாதா என்ன என்று கேட்டான். நழுவிக் காட்டச் சொன்னார் சிவசக்தி.

5

வியாழக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். (வெள்ளிக்கிழமை போக முடியாது. காரணம் மேலே இருக்கிறது.)

திருடியாக நான். என் தோளில் ஒரு சாக்கு. வரிசையில் இருபதாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் சிவசக்தி. ஷிராஸ் கெமராவை ஓடவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றான். நிறுவை தொடங்கியது. எல்லார் கண்ணும் தராசில் இருக்கும் தருணம் பார்த்து மெதுவாகப் பின்வாங்கினேன். பங்களாப் பாதை இருபதடி தூரம். ஆறடி போயிருப்பேன்.

“அது யாரு வரிசைய விட்டுப் போறது?” என்றார், தராசடியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வீரய்யா கங்காணி. அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

நாற்பது தலைகள் திரும்பின. எங்கே போகிறேன், ஏன் போகிறேன், வயிறு சரியில்லையா, சாக்கை யார் பார்ப்பது என்று நாலு பக்கமும் கேள்வி. நான் வேகமாக நடந்தேன். கால் வழுக்கியது. சாக்கோடு பாதையோரத்துச் சேற்றுக் கானுக்குள் விழுந்தேன். என் துப்பறிவாளருக்கு நான் எழுதிய எந்த விழுகையும் அந்த அழகுக்குக் கிட்ட வராது.

(முதல் பிரதியில் “நானே எழுந்தேன்” என்று எழுதியிருந்தேன். சிவசக்தி திருத்தினார்: மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள்.)

ஷிராஸ் சிரித்த சிரிப்பில் கெமரா ஆடியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மச்சான், படம் பிழைதான்” என்றான். சேறு வழிய நின்றபடி, என் கதை தோற்றதற்காக நான் சந்தோஷப்பட்டேன். அப்படியொரு சந்தோஷத்தை அதற்குமுன் அனுபவித்ததில்லை.

அன்று பதிவானதோடு, தராசடியில் சிவசக்தி பேசுவதையும் எடுத்துப் புதிய முடிவாக ஒட்டினோம். துப்பறிவாளர் “இந்தச் சிவசக்திதான்” என்று விரல் நீட்டுகிறார். உடனே தராசடியில் நிற்கும் சிவசக்தி, சாக்கை இறக்கி வைத்துவிட்டு, நேராகத் திரையிலிருந்து நம்மைப் பார்த்துச் சொல்கிறார்: “பன்னெண்டரைக்கு நான் இங்க நின்னேன். நாப்பது பேரு பாத்தாங்க.” பிறகு பரிசோதனை. பிறகு நான் கானுக்குள்.

6

பதுளையில் திரையிட்ட அன்று பசறை, ஹாலிஎல, மடுல்சீமை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம். ரயில் வந்தபோது ஊளையிட்டார்கள். பொட்டு வளர்ந்தபோது கைதட்டினார்கள். களவு பகல் பன்னிரண்டரைக்கு என்று திரையில் எழுத்து வந்ததுமே பின்வரிசைப் பெண்கள், அது நிறுவை நேரமாச்சே என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்கள். சிவசக்தி “நாப்பது பேரு பாத்தாங்க” என்றபோது அந்த நாற்பது பேரும் மண்டபத்தில் எழுந்து நின்றார்கள். விசில் சத்தத்தில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. எழுதியவன் நான், எனக்கே கேட்கவில்லை.

ஆனால் கேத்தல் யாரிடம்?

திருடி போய்விட்டாள், கதையில் திருட்டு மட்டும் மிஞ்சி நிற்கிறது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். பங்களாச் சமையற்காரர் எடுத்தார் என்று ஒன்று. துரையே அடகு வைத்தார் என்று இன்னொன்று. மூன்றாவதில் துப்பறிவாளர் இரண்டு முறை ஏறிய அந்த மேட்டில்... இல்லை, அதுவும் சரிவரவில்லை. வாசகர் ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் போடும் முன், பன்னிரண்டரை மணிக்கு அந்த ஆள் எங்கே நின்றார் என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

நேற்று சிவசக்தி கடைக்கு வந்தார். இந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டி, முடிவு இல்லாமல் நிற்கிறது, யார் எடுத்ததாக எழுதட்டும் என்று கேட்டேன். அவர் முழுவதையும் வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

“கள்ளன் யாருன்னு தேடுறது ஒங்க வேல நானா. நான் இல்லைங்கிறது முடிஞ்சுபோச்சு.”